கூடைக்குள் சேவல், கூடத்தில் ரஷ்ய இசை

போன வாரம் முழுக்க என் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. குக்கர் விசில் அடிக்கவில்லை. தும்மல் வந்தால்கூட தோட்டத்துக்கு ஓடிப் போய்த்தான் தும்மினேன்.

எல்லாம் என் மகள் வித்யாவுக்காக. சென்னையில் வயோலா படிக்கிறாள், லீவுக்கு ஏற்காட்டுக்கு வந்திருக்கிறாள். வயோலா தெரியும்தானே? வயலினுக்கு அக்கா. கொஞ்சம் பெரிய உடம்பு, கொஞ்சம் கனத்த குரல். மேலே படிக்க வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஒரு நவீன ரஷ்ய கான்செர்ட்டோவை வாசித்து, பதிவு செய்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். அது சரியாக அமைந்தால் சீட். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

கான்செர்ட்டோ என்றால், ஒரு பக்கம் முழு ஆர்கெஸ்ட்ரா, இந்தப் பக்கம் ஒற்றை வயோலா. இரண்டும் பேசும், கெஞ்சும், சண்டை போடும். இந்த ரஷ்யர்கள் எழுதியதில் சண்டைதான் அதிகம்! கேட்கும்போதே எனக்குப் படபடவென்று வரும். கேஸை அணைத்தோமா என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும்.

இந்த ஒரு கான்செர்ட்டோவுக்கே வித்யாவிடம் ஏழெட்டு ரெக்கார்டிங் இருக்கிறது. ஒருவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி வாசிக்கிறார். இன்னொருவர் பஸ் போய்விட்ட மாதிரி. பழைய மேடைப் பதிவு ஒன்றில் கூட்டத்தில் யாரோ இருமுவார். அந்த இருமல் வருகிற இடம்கூட அவளுக்கு மனப்பாடம்.

"பாவம்மா அந்த ஆளு. இன்னிக்கு இருக்காரோ இல்லையோ, இருமல் மட்டும் அப்படியே இருக்கு" என்பாள்.

சரி, ஏற்காட்டில் ஆர்கெஸ்ட்ராவுக்கு எங்கே போவது? ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசித்த பதிவு ஒன்று கிடைத்தது. அது அவள் ஹெட்போனில் ஓடும். அவள் கூடத்தில் மைக் முன்னால் நின்று வாசிப்பாள். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம் — அதற்குக் கல்லூரியே அனுமதி கொடுத்திருந்தது.

ஆனால் மலையில் அமைதி இருக்கும் என்று யார் சொன்னது? முதல் தடவை கூரையில் குரங்கு. அடுத்து டூரிஸ்ட் வேனின் ஹாரன். அதையும் தாண்டி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கூவியது, சரோஜாவின் சேவல். சரோஜா பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்பவர். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு. போய்க் கெஞ்சினேன்.

"இதுக்கு ஏனுங்கம்மா இவ்ளோ தயங்கறீங்க? கூடையப் போட்டுக் கவுத்துப்போடறனுங்க. எப்பத் தொறந்து உடோணும்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

"பாட்டுச் சத்தம் நின்னதும் திறந்துடுங்க" என்றேன். அங்கேதான் தப்பு பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் நெட் போகும். வித்யா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். அவள் அப்படி வாசித்து நான் கேட்டதே இல்லை. சந்தோஷப்படக்கூட பயமாக இருந்தது. மலைச்சாமி சேர்வராயா, கடைசிவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

நடுவில் ஓரிடத்தில் வயோலா ஓய்ந்துவிடும். ஆர்கெஸ்ட்ரா மட்டும் முழங்கும். ஆனால் அந்த முழக்கமெல்லாம் அவள் காதுக்குள்தான். வீட்டுக்குள் சத்தமே இல்லை. வில்லைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள்...

ஜன்னலில் சரோஜாவின் முகம்.

"ஏனுங்கம்மா, முடிஞ்சுதுங்களா? சாவலத் தொறந்து உட்றட்டுங்களா?"

எனக்கு உயிரே போய்விட்டது. பதறி எழுந்து, விரலை உதட்டில் வைத்து, "உஷ்ஷ்ஷ்!" என்றேன்.

வித்யாவுக்கு எதுவும் கேட்கவில்லை. மீதியையும் வாசித்து முடித்து, ஹெட்போனைக் கழற்றி, "அம்மா... இதுதாம்மா!" என்றாள். சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அந்த இடம் வந்தது. டிரம்மும் டிரம்பெட்டும் போட்ட போட்டில் சரோஜாவின் குரல் இருந்த இடம் தெரியாமல் அமுங்கிப்போனது! அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

ஆர்கெஸ்ட்ரா சட்டென்று ஓய்ந்தது. வயோலா மெல்ல எழுவதற்கு முன்னால் ஒரு நொடி மௌனம். அந்த மௌனத்தில் தெளிவாக, கணீரென்று — "உஷ்ஷ்ஷ்!"

ஊர் வாயையெல்லாம் அடக்கினேனே, என் வாயை யார் அடக்குவது? பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து வருகிற இடைஞ்சல் எப்படியோ அமுங்கிப்போகிறது. காவல் காக்கிறேன் என்று நாம் போடுகிற சத்தம்தான் பளிச்சென்று கேட்கிறது.

மறுபடி வாசிக்க நேரமில்லை. தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. "விடும்மா... சிம்பல் தட்டைத் தேய்ச்ச மாதிரிதான் இருக்கு. நவீன இசைதானே, எழுதினவரே போட்டதுன்னு நெனச்சுப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தேர்வு செய்கிறவர்களுக்கு அந்த இசை வரிக்கு வரி மனப்பாடமாக இருக்குமே? நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும். எனக்கு அந்த இருமல்காரர் ஞாபகம் வந்தது.

இன்னும் பதில் வரவில்லை. அவள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் சரோஜா வேலியோரம் வந்து நின்று குரல் கொடுக்கிறார்.

"ஏனுங்கம்மா, பாப்பாவுக்கு முடிவு வந்துருச்சுங்களா?"

உள்ளே இருப்பவள் காதில் விழுந்துவிடுமே! என் விரல் தானாக உதட்டுக்குப் போகிறது.

"உஷ்ஷ்ஷ்..."