காப்புக் கட்டிய டிரம்மர்

காலை ஆறரைக்கு மதுரையை விட்டுப் புறப்பட்டோம். வேனுக்குள் நாங்கள் நான்கு பேர், கூரையில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய டிரம் செட், ஸ்டியரிங்கில் உத்தமபாளையத்துக்காரர் பெருமாள். டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ராக் இசைக்குழுவைக் கொச்சிக்கு அழைத்துப்போய்க்கொண்டிருந்தேன். பாடகி அன்னா, கிட்டார் எரிக், டிரம்மர் யோனாஸ். சென்னையிலிருந்து உடன் வந்த நான் மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, எது தப்பாகப் போனாலும் திட்டு வாங்கிக்கொள்ளும் ஆள். 2008ஆம் வருடம், சித்திரை வெயில்.

புது ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம் அது. சென்னையும் மதுரையும் முடிந்திருந்தன. மறுநாள் மாலை கொச்சி. அதற்கப்புறம் மஸ்கட், துபாய். ஆனால் கொச்சியில் வளைகுடா ஏற்பாட்டாளர் நேரில் வந்து கேட்கப்போகிறார், அவருக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு விமானம். பிடிக்காவிட்டால் ஆல்பம் படுத்துவிடும், குழுவும் கலைந்துவிடும் என்று அன்னா என்னிடம் மறைக்காமல் சொல்லியிருந்தாள்.

தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். சந்தைக்குப் பக்கத்தில் டீ குடித்தோம், கிளாஸ் மூன்று ரூபாய். யோனாஸ் அடுக்கியிருந்த மூட்டைகளையெல்லாம் விரலால் தட்டிப் பார்த்தான். வத்தல் மூட்டையின் சத்தம் ஏலக்காய் மூட்டைக்கு வராது என்று அவன் கண்டுபிடித்துச் சொன்னபோது கடைக்காரர் சிரித்துவிட்டார். அவனுக்குக் காதுதான் எல்லாம். சாப்பாட்டைக்கூடக் காதால்தான் சாப்பிடுகிறான் என்று எரிக் கிண்டல் செய்தான்.

கம்பம் நெடுஞ்சாலையில் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் வேலை இருந்திருக்காது. எரிக்குக்கு மலையடிவாரத்தில் புகைப்படம் எடுக்கவேண்டும். அதனால் போடி, தேவாரம், பண்ணைப்புரம் என்று சுற்றிப் போனோம். கோம்பையைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் சாலையோரமாகத் திராட்சைத் தோட்டம். தோட்டக்காரர் ஒச்சம்மா, நாற்பது வயசு இருக்கும். பந்தலுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தார், கூடவே ஆளுக்கு ஒரு கொத்து பன்னீர்த் திராட்சை அறுத்துக் கொடுத்தார். விலை கேட்டதற்கு, வந்த இடத்தில் காசு கேட்பார்களா என்று என்னையே முறைத்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யோனாஸ் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் முங்கினான்.

அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து உறுமி மேளச் சத்தம் வந்தது. யோனாஸ் தலையைத் தூக்கினான். ஈரம் சொட்டச் சொட்ட, இடுப்பில் ஒரு துண்டோடு, சத்தம் வந்த பக்கம் நடந்துவிட்டான். பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லவே எழுந்திருக்காத ஆள். நான் அன்னாவின் தலைமுடியில் சிக்கிய திராட்சைக் கொடியை எடுத்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது.

மாரியம்மன் கோயில் வாசலில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் குளித்து ஈரத்துணியோடு நின்றார்கள். பூசாரி குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு கையிலும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு ஈரக்கை நீண்டது, அதற்கும் கட்டினார். யோனாஸுக்கு அது புதிதே இல்லை. அவர்கள் ஊரில் எந்த இசைவிழாவுக்குப் போனாலும் வாசலில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டித்தான் உள்ளே விடுவார்கள். வாத்தியம் வாசிக்கும் இடம், கயிறு கட்டுகிறார்கள், கையை நீட்டியிருக்கிறான். என்னிடம் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

பூசாரி நிமிர்ந்து பார்த்து முகம் வெளுத்தார். அவிழ்க்க முடியுமா என்று கேட்டேன். கட்டினது அவர் கை, அவிழ்ப்பது அவர் கையில் இல்லை என்றார். ஒச்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"காப்புக் கட்டிட்டா சட்டி எடுத்து முடிக்கிற வரைக்கும் ஊரெல்லை தாண்டப்படாது தாயி. வர்ற புதன்கெழமதான் சட்டி. அது வரைக்கும் இங்கனயே இருக்கச் சொல்லுங்க. நான் சோறு போடுறேன்."

நாளைக்குக் கொச்சியில் கச்சேரி என்றேன். யோனாஸை வேனுக்குக் கூட்டிக்கொண்டு நடந்தேன். யாருமே வழிமறிக்கவில்லை, யாரும் குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். வேன் வரைக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்று, எங்களைச் சாவு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பெருமாள் எல்லைக்கல்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தார். கல்லைத் தாண்டியதும் யோனாஸ் என்னிடம், ஏன் மேளத்தை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டான். மேளம் நிற்கவே இல்லை. எனக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். அவன் என் உதட்டையே பார்த்தான். பிறகு தன் காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினான். மறுபடியும் சொடுக்கினான்.

பெருமாளைப் பின்னால் எடுக்கச் சொன்னேன். கல்லுக்கு உள்ளே போனதும் யோனாஸ் கேட்கிறது என்றான். முன்னால் வந்தோம், கேட்கவில்லை. எரிக் நம்பாமல் அவன் முதுகுக்குப் பின்னால் வேன் கதவை அறைந்து பார்த்தான். யோனாஸ் இமைகூடத் தட்டவில்லை.

"வேணாம்மா, எறக்கி விட்ருவோம்" என்றார் பெருமாள்.

அன்னா அழுதுகொண்டே யோனாஸின் பையை இறக்கினாள். அவன் அதைப் பிடுங்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, போகலாம் என்று கை காட்டினான். அவனுக்குக் காது பெரிதா, கூட வந்த இரண்டு பேர் பெரிதா என்று அந்தச் சாலையிலேயே முடிவு செய்துவிட்டான். எனக்கு அவன்மேல் கோபமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

லோயர் கேம்பில் மின்நிலையத்துக்காக மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களுக்குக் கீழே கால்வாய் இரைந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் கத்திப் பேசினோம். யோனாஸ் பாலத்துக் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றான். எரிக் கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கயிற்றை வெட்டப் போனபோது மட்டும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அங்கிருந்து குமுளி மலைப்பாதை.

கொச்சியில் மருத்துவர் காதில் ஒரு குறையும் இல்லை என்றார். கச்சேரியில் யோனாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, மேடைப் பலகையின் அதிர்வைப் பாதத்தில் வாங்கிக்கொண்டு, அன்னாவின் முதுகைப் பார்த்தபடி வாசித்தான். ஒரு அடி பிசகவில்லை. ஏற்பாட்டாளர் எழுந்து நின்று கைதட்டினார். கடைசிப் பாட்டு முடிந்து அன்னா வணங்கி நிமிர்ந்த பிறகும் டிரம் நிற்கவில்லை. அது அவர்களுடைய பாட்டும் இல்லை. மெதுவாக ஆரம்பித்து இறுகிக்கொண்டே போகும் ஒரு அடி. கூட்டம் அதற்கும் ஆர்ப்பரித்தது. என் பக்கத்தில் நின்ற பெருமாள் வேர்த்துப்போய் என் கையைப் பிடித்தார்.

"இது சட்டி எடுக்கையில அடிக்கிற அடிம்மா. புதன்கெழம மட்டுந்தான் அடிப்பாக. இவரு எங்கன கேட்டாரு?"

பின்னால் எழுதிக் காட்டிக் கேட்டோம். பாட்டு முடிந்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டதாக யோனாஸ் சொன்னான். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

மஸ்கட்டில் புதன்கிழமை மாலை ஓட்டல் மாடியில் உட்கார்ந்திருந்தோம். சமையலறையில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். யோனாஸ் திரும்பிப் பார்த்தான். அன்னா அவன் பெயரை மெல்லச் சொன்னாள், அதற்கும் திரும்பினான். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல அழுதான். நாங்களும்தான். கயிறு எப்போது அறுந்து விழுந்ததென்று யாருக்கும் தெரியவில்லை, மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. துபாயில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன, ஆல்பம் பேசப்பட்டது. அவர்கள் ஊருக்கு விமானம் ஏறினார்கள்.

நான் துபாயிலிருந்து கொச்சியில் வந்து இறங்கி, நேராகச் சென்னைக்குப் போகாமல் குமுளி பஸ் பிடித்தேன். மனசு ஒப்பவில்லை. கம்பத்தில் மாறி, கோம்பையில் மாறி, வெயில் தாழ்ந்த நேரத்தில் அந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒச்சம்மா எனக்கு முதுகு காட்டிப் பந்தலுக்கடியில் குனிந்திருந்தார். அக்கா என்று கூப்பிட்டேன். பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பினார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது.

"அந்தத் தம்பிக்கு இப்பக் காது கேக்குதா?" என்றார்.

யோனாஸுக்குக் காது போனதை அந்த ஊரில் நான் யாரிடமும் சொல்லவில்லை. பெருமாளும் அந்தப் பக்கம் வரவில்லை என்பதைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அதையெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. கேட்கிறது என்றேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டிக் காட்டினேன்.

"ஒரு சட்டி தூக்க ஆளில்லாமக் கெடந்துச்சு தாயி. எந்தோட்டத்துத் தண்ணில குளிச்சுட்டுத்தான அங்கன போனாக. அதான் நான் தூக்கிட்டேன்."

நான் அழுதேன். அவருக்கு அது சங்கடமாக இருந்தது போலிருக்கிறது, கையை உதறிப் பேச்சை மாற்றினார். வீட்டுக்குள் பாத்திரம் பண்டம் உருட்டுகிற சத்தம் இல்லாமல் நல்ல தூக்கம் வருகிறதாம். தோட்டத்தில்தான் கொஞ்சம் சிரமம், பழுத்த நேரத்தில் கிளி வந்து இறங்குவது தெரியமாட்டேன் என்கிறதாம். அன்னாவும் எரிக்கும் சுகமா என்று கேட்டுவிட்டுக் கொத்து அறுக்கப் போய்விட்டார்.

சென்னையில் என் வீடு பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. இரைச்சல் தாங்கவில்லை என்று புலம்பாத நாள் கிடையாது. தேனி பஸ்ஸுக்காகச் சாலைக்கு வந்து நின்றபோது, தோட்டத்தின் மறுகோடியில் பந்தல் மேல் ஒரு கூட்டம் கிளிகள் கத்திக்கொண்டு பழங்களைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒச்சம்மா பத்தடி தள்ளிக் குனிந்து வேலையாக இருந்தார். நான் ஓடிப்போய்ப் பலமாகக் கை தட்டினேன். கிளிகள் எழுந்து மலைப்பக்கம் பறந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.