வளைவில் சாய்ந்தது யார்

என் மனைவி மூன்று ஆண்டுகள் ஒரு பழியைச் சுமந்தாள். அதை அவள் மேல் போட்டவன் நான்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் கிள்ளானில் குடியிருந்தோம். நான் கோலாலம்பூரில் அரசாங்க குமாஸ்தா. தினமும் மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவேன். சாமர்த்தியமாக ஓட்டுகிறவன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்திருந்தேன். மெதுவாகப் போகிறவர்களை ஹாரன் அடித்தே ஒதுக்குவேன். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் மேல் மழைத் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போவேன். பெரிய பெரிய ஆங்கிலப் புத்தகங்களை வாசித்த எனக்கு, முன்னால் போகும் லோரியின் சிக்னலை வாசிக்க மட்டும் பொறுமை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவளுடைய அண்ணன் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கிள்ளானுக்குள் நுழைந்ததும் ஒரு லோரி இடப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டது. நன்றாகவே பார்த்தேன். அது திரும்புவதற்குள் முந்திவிடலாம் என்று அதன் இடப்பக்க இடுக்கில் புகுந்தேன். லோரி திரும்பியது. பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் மணலில் வழுக்கியது.

எனக்குக் கையில் சிராய்ப்பு. அவளுக்கு இடது முழங்கால் உடைந்தது. அவள் ஹெல்மெட்டின் தாடைப் பட்டியில் கொக்கி உடைந்து மூன்று மாதமாகியும் நான் மாற்றவில்லை. விழுந்ததும் அது கழன்று சாக்கடைக்குள் உருண்டது. தலை தப்பியது என் கவனத்தால் அல்ல.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் ஓடிவந்தார்.

"என்ன மாப்ள ஆச்சு?"

"வளைவுல நான் ஒரு பக்கம் சாஞ்சேன் மச்சான். இவ பயந்துபோய் எதிர்ப் பக்கம் சாஞ்சிட்டா."

யோசிக்காமல் வந்தது அந்தப் பொய். அண்ணன் கட்டிலில் கிடந்த அவள் பக்கம் திரும்பினார். "பின்னால உக்காரக்கூடத் தெரியாதா உனக்கு? மூட்டை மாதிரி சும்மா இருக்க வேண்டியதுதானே!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கைச் சிராய்ப்பைத் தடவிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு கல்யாண வீடுகளில் அது ஒரு நிரந்தர நகைச்சுவையாயிற்று. "இப்ப எந்தப் பக்கம் சாயறதுன்னு தெரிஞ்சிருச்சாம்மா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

கட்டுப் பிரித்த பிறகு அவள் என் மோட்டாரில் ஏறவில்லை. பந்திங்கில் ஒரு பாலர் பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. பஸ் நினைத்த நேரத்துக்கு வரும். அடிக்கடி தாமதமானதால், இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

"நான் கொண்டு விடறேன்," என்றேன்.

"உங்க பின்னாடி ஏறமாட்டேன்."

"அப்ப வேலைய விட்டுரு."

"உங்க பின்னாடிதான் ஏறமாட்டேன்னேன். மோட்டார்லயே ஏறமாட்டேன்னு சொல்லலியே."

பக்கத்து வீட்டுப் பெண் சுங்கை வே தொழிற்சாலைக்கு மோட்டாரில் போய்வருகிறவள். பள்ளி லீவு தொடங்கியதும் அவளிடம்தான் என் மனைவி கற்றுக்கொண்டாள். காய்கறிப் பாசாருக்குப் பின்னாலிருந்த காலித் திடலுக்கு நானும் ஒருநாள் போனேன். "அண்ணே, நீங்க மொறைச்சிக்கிட்டு நின்னா அக்காவுக்கு கை நடுங்குது. போய் டீ குடிங்க லா," என்று விரட்டிவிட்டாள்.

தூரத்திலிருந்து பார்த்தேன். கியர் மாற்ற வேண்டியது இடது காலால். நான் உடைத்த கால் அது. முழங்கால் முழுதாக மடங்காது. அவள் ஒவ்வொரு முறையும் உதட்டைக் கடித்துக்கொண்டு குதிகாலால் கியரைத் தட்டினாள். முதல் லைசென்ஸ் சோதனையில், ஒடுக்கமான பலகைமேல் ஓட்டும்போது கால் ஊன்றித் தோற்றாள். வீட்டுக்கு வந்ததும் வராண்டாத் தரையில் சுண்ணக்கட்டியால் அதே அகலத்தில் இரண்டு கோடுகள் கிழித்து, அவற்றுக்கு நடுவே மோட்டாரைத் தள்ளித் தள்ளிப் பழகினாள்.

இரண்டாவது சோதனைக்கு நான் வேலிக்கு வெளியே நின்றேன். எட்டுப் போட்டாள். பலகையில் ஏறினாள், ஆடாமல் இறங்கினாள். மலாய் அதிகாரி தாளில் கையெழுத்திட்டு, "லுலுஸ், காக்," என்றார். 'தேறிட்டீங்க அக்கா' என்று அர்த்தம்! பக்கத்து வீட்டுப் பெண் போட்ட கூச்சலில் அதிகாரியே சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிறு என் மனைவி புது ஹெல்மெட்டின் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணன் வீட்டுக்குப் போறேன். வர்றதா இருந்தா பின்னாடி உக்காருங்க."

எல்லா மோட்டார்க்காரர்களையும்போல் காற்றுக்கு அடக்கமாக மேல்சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே பயத்தில் எதிர்ப் பக்கம் சாய்ந்தேன்.

"நேரா உக்காருங்க," என்றாள் திரும்பாமல். "விழுந்தா நீங்க சாஞ்சதாலன்னு சொல்லிடுவேன்."

கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனியாக விட்ட பாதையில், சாலைக்கு அடியில் போகும் சுரங்கத்துக்குள் ஒருவன் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடித்தான். என் பழைய குரலையே கேட்பதுபோல் இருந்தது. அவள் வெளியே வந்ததும் சிக்னல் போட்டு ஓரம் ஒதுங்கி, போகும்படி கையசைத்தாள். "போகட்டும். என்ன அவசரமோ." பிரிக்பீல்ட்ஸ் பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு துளிகூடத் தெறிக்காமல், நடக்கும் வேகத்தில் கடந்தாள். அங்கே நின்ற ஓர் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துத் தயாராக இருந்தவர், நம்ப முடியாமல் எங்களையே பார்த்தார்.

அண்ணன் கேட்டிலேயே நின்றிருந்தார். "உயிர் மேல ஆசையில்லியா மாப்ள? எந்தப் பக்கம் சாயறதுன்னு தெரியாதவ பின்னாடியா உக்காந்து வந்தீங்க!"

வீட்டுக்குள்ளிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"அவ சாயல மச்சான். லோரி சிக்னல் போட்டிருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் இடுக்குல நுழைஞ்சேன். கொக்கி உடைஞ்ச ஹெல்மெட்டையும் நான்தான் மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரில சொன்னது பொய்."

அண்ணன் தங்கையிடம் திரும்பினார். "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களாண்ணே?"

அவள் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், லேசாக நொண்டியபடி வீட்டுக்குள் போனாள். அப்படித் தலை நிமிர்ந்து அவள் அந்த வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

என்னை அவள் மன்னித்தாளா என்று இந்த வயதிலும் கேட்கத் துணிவில்லை. ஆனால் அன்று மாலை புறப்படும்போது நடந்தது அப்படியே நினைவிருக்கிறது. அண்ணன் தெருவுக்கு இறங்கி, வந்த கார்களைக் கைகாட்டி நிறுத்தி, தங்கைக்கு வழிவிடச் செய்தார். 'பாத்து ஓட்டு' என்று சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று என்னிடம் திரும்பினார்.

"மாப்ள, மூட்டை மாதிரி சும்மா உக்காருங்க."

கிள்ளான் வரைக்கும் அப்படியே உட்கார்ந்து வந்தேன்.