சுலோச்சனா அக்காவும் உண்ணி விழுந்த பெட்டிகளும்

பட்டறையில் மோட்டார் ஓடும் சத்தத்தில் போனில் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. "அம்மா போயிட்டாங்க மாமா" என்று சுலோச்சனா அக்காவின் மகன் மறுபடியும் சொன்ன பிறகுதான் புரிந்தது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அன்னூர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. ஒரு வருடமாகப் படுக்கையில் கிடந்தவர்; எதிர்பார்த்ததுதான். எனக்கு அழுகை வரவில்லை.

நம் தேன் வளர்ப்போர் கூட்டங்களுக்கு வந்தவர்கள் அவரை அறிவீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, யாராவது நீட்டிப் பேசினால் கண்ணை மூடிக்கொள்வார். அன்னூரில் அவர் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே வேலிக்கு இரு பக்கம்.

பல வருடங்களுக்கு முன் நோய் வந்து நம் ஊர்த் தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகுதான் இத்தாலியத் தேனீயை வாங்கினோம். சாதுவான தேனீ, தேனும் நிறையத் தந்தது. மூன்றாம் பருவத்தில் பெட்டியிலிருந்து தேனடைச் சட்டத்தைத் தூக்கியபோது சிறகு சுருங்கிய குஞ்சுகள் தரையில் ஊர்ந்தன. புழு இருக்கும் அறைகளில் செம்பழுப்பாகச் சிறு உண்ணிகள் ஓடின. நம் ஊர்த் தேனீக்கும் உண்ணி உண்டு. ஆனால் அந்தத் தேனீ உண்ணியைக் கடித்து உதறிவிடும். இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. இந்த உண்ணியோ மலைத்தேனீயிடமிருந்து வந்தது என்றார் வேளாண் அதிகாரி.

அதைக் கேட்டதும், எங்களைப் போலவே இத்தாலியத் தேனீ வளர்த்த பழனிச்சாமி அண்ணனுக்கு ஆத்திரம். அவர் பெட்டிகள் பாதிக்குமேல் போயிருந்தன. வாய்க்கால் ஓரத்துப் புளியமரத்தில் தொங்கிய மலைத்தேனீக் கூடுகளைக் கொளுத்துவதென்று ஒரு சாயங்காலம் தீப்பந்தத்தோடு கிளம்பினார். அக்காவும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

"ஏனுங்ணா, அது என்னங்க பண்ணுச்சு?" என்றார் அக்கா.

"என்ன பண்ணுச்சா? என் பொழப்பையே அழிச்சுப்போட்டுது அம்மணி!"

மரத்தடிக்குப் போனால், கூடுகள் வெறுமையாகத் தொங்கின. மரங்களில் பூ முடிந்ததும் தேனீக்கள் ஊரைவிட்டுப் போயிருந்தன. பழனிச்சாமி அண்ணன் பந்தத்தை வாய்க்காலில் எறிந்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். அக்கா அவரருகே போய் நின்றார்.

"புழு இல்லீன்னா உண்ணிக்குச் சோறு இல்லீங்ணா. இந்த மலைத்தேனீ கூட்டையே உட்டுட்டுப் போயிருது, உண்ணி பட்டினியில சாவுது. நம்மளுது பொட்டிக்குள்ளயே கெடக்குது. ஆபீசர் சொன்னதச் செஞ்சு பாக்கலாமுங்க."

அதிகாரி சொன்னதை அக்காவைத் தவிர யாரும் காதில் வாங்கியிருக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: ராணித் தேனீயைக் கூண்டில் அடைத்து முட்டையிடாமல் நிறுத்த வேண்டும். இருக்கும் புழுக்களை வெட்டியெடுத்து அழிக்க வேண்டும். வயல்களில் சூரியகாந்தி பூக்கப்போகும் நேரத்தில் அப்படிச் செய்தால் அந்த வருடத் தேன் போச்சு. இதனால் அக்காவுக்கும் அவர் கணவருக்கும் பெரிய சண்டை நடந்தது.

மறுவாரம் நான் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, அக்கா கத்தியால் மூடிய அறைகளை அறுத்தார். வெள்ளைப் புழுக்கள் வாளியில் விழுந்தன. பாதியில் கத்தியை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். "பெத்ததத் தூக்கி வீசறாப்புல இருக்குதுங்க தம்பி." பிறகு மிச்சத்தையும் அறுத்து முடித்தார்.

அவர் பெட்டிகளில் பெரும்பாலானவை பிழைத்தன. அதைப் பார்த்துப் பழனிச்சாமி அண்ணனும் செய்தார். அவருக்குச் சில பெட்டிகள் தப்பின, சில போயின. உண்ணி தொலைந்ததென்று நினைத்தோம். அடுத்த பருவத்தில் திரும்ப வந்தது. அதற்கடுத்த பருவத்திலும் வந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் ராணியை அடைத்து, புழுவை அறுத்து, மூக்கைச் சிந்தினார். நோயில் படுத்த பிறகு தன் பெட்டிகளைப் பழனிச்சாமி அண்ணனிடம் ஒப்படைத்தார். இப்போதும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு வருடம், வாளியைக் கொட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் சலிப்போடு கேட்டேன்: "இன்னும் எத்தன வருசத்துக்குங்க்கா இப்படி?"

"தேனீ வளக்கற வரைக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியின் மூடியைத் திறந்தார்.

ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை அவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதில் ஒன்றுதான்.