நெற்றியில் இரண்டு சுழி

என் தம்பிக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதற்கு நாலு கால் இருக்கும் என்பது மட்டும்தான். அப்படிப்பட்டவன், பந்தயங்களில் பெரிய பெரிய கோப்பைகளை வென்ற ஒரு பெண் குதிரையை வாங்கிக்கொண்டு வந்து பரமத்தி வேலூரில் எங்கள் தென்னந்தோப்பில் கட்டினான். அதற்காக மாட்டுக் கொட்டகையை இடித்துக் கட்டி, மின்விசிறி மாட்டி, தரைக்கு வழவழவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தான். வந்த அன்றே குதிரை அந்த டைல்ஸில் வழுக்கி விழப் பார்த்தது. மறுநாள் அத்தனையையும் பெயர்த்துப் போட்டுவிட்டு ஆற்று மணல் கொட்டினான். குதிரைக்கு டைல்ஸ் ஆகாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையாம்.

அவனுக்குத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழில். கர்நாடகாவில் போர் போடப் போன இடத்தில் யாரோ பெங்களூரு ரேஸ்கோர்சுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஜெயித்த குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி கோட்டு போட்ட ஒருவர் போட்டோவுக்கு நின்றாராம். அந்தப் போட்டோவில் தானும் நிற்க வேண்டும், அதுதான் இவனுடைய ஆசை. கோட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டுத்தான் குதிரை தேடக் கிளம்பினான்.

நான் அவனுக்கு அக்கா. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, அந்தத் தோப்பு வீட்டிலேயே அவன் குடும்பத்தோடு இருக்கிறேன். ஏன் ஆகவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன். இந்தக் குதிரைக் கதைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பதற்குள் தம்பி போனை நீட்டிவிடுவான். அதில் அந்தக் குதிரை ஓடிய பந்தயங்கள் இருக்கும். வேண்டாம் என்றாலும் காதில் விழுந்து, கண்ணில் பட்டு, எனக்கும் எல்லாம் பாடமாகிவிட்டன. மற்ற குதிரைகள் முண்டியடித்துக்கொண்டு போகும்போது இது பின்னால், கூட்டத்தோடு எனக்கென்ன என்பது போல வரும். கடைசி வளைவு திரும்பியதும் ஜாக்கி சாட்டையை எடுக்க மாட்டார். இரண்டு கைகளையும் லேசாக முன்னால் தள்ளுவார், அவ்வளவுதான். ஒவ்வொன்றாகத் தாண்டி, எல்லைக் கோட்டைக் கடக்கும்போது பக்கத்தில் ஒன்றும் இருக்காது. மூன்று வயதில் பெங்களூரிலும் ஊட்டியிலும் இது தொட்டதெல்லாம் ஜெயம். அடுத்த வருஷம் ஆண் குதிரைகளோடு ஓடவிட்டார்கள், அவற்றையும் முந்தியது. பிறகு முன்னங்காலில் நரம்பு வீங்கியதால் ஓட்டத்தை நிறுத்தி, குட்டி போடுவதற்காகப் பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பண்ணையில் அதன் பேர் கெட்டுப்போனது. போட்ட குட்டிகளில் ஒன்றுகூட அம்மாவைப் போல ஓடவில்லை. ஒன்று சுமாராக ஓடியது, ஒன்றுக்குக் கால் கோணல், மற்றவை இருந்த இடம் தெரியவில்லை. ஆண் குதிரைக்கு ஒரே வருஷத்தில் எத்தனையோ பெண் குதிரைகளிடம் குட்டிகள் பிறக்கும், அதில் ஏதோ ஒன்றிரண்டு ஓடினாலே ஆகா ஓகோ என்பார்கள். தாய்க்கு வருஷத்துக்கு ஒன்று. அது ஓடாவிட்டால் தாய்மேல்தான் பழி. வயதும் ஏறியதால், வயிற்றில் குட்டியோடு தள்ளிவிடப் பார்த்தார்கள். என் தம்பி அங்கே போய் நின்றான்.

அடுத்த குட்டிக்கு என்ன செய்வது என்று அப்போதே பேச ஆரம்பித்துவிட்டான். கோழிப்பண்ணை வைத்திருக்கும் அவனுடைய கூட்டாளிகள் நாமக்கல்லில் இருந்து காரில் வந்து இறங்கினார்கள்.

“நல்ல ரேஸ் குதிரையாப் பாத்து சினை ஊசி வாங்கிப் போட்டுக்கலாமுங்க. எதுக்கு அலைஞ்சுக்கிட்டு?” என்றார் ஒருவர்.

ஊசி போட்டுப் பிறக்கிற குட்டியைத் தரோபிரெட் என்கிற பந்தய இனமாகப் பதியவே மாட்டார்கள், ஓடவும் விட மாட்டார்கள், குதிரையோடு குதிரையை நேரில்தான் சேர்க்க வேண்டும் என்று குதிரைப் பண்ணைக்காரர்கள் சொன்னதைத் தம்பி சொன்னான். அவர்கள் சிரித்த சிரிப்பில் தென்னை மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன.

“கோழிக்கே ஊசி போடற ஊருங்க இது! குதிரைக்கு நேர்ல கூட்டிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணி வெக்கோணுமா?”

இப்படிப்பட்ட அறிவாளிகளுக்கு நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் குதிரையை எனக்குப் பிடித்துவிட்டது. யாரையும் சட்டை பண்ணாது. தம்பி வெல்லக்கட்டியை நீட்டினால் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன் நெற்றியில், இரண்டு கண்களுக்கும் நடுவே, முடி சுழன்று சுழன்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுழிகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த இரண்டையும் விரலால் தடவிக் கொடுப்பேன். நின்று வாங்கிக்கொள்ளும்.

குட்டி போட இன்னும் சில மாதங்கள் இருந்தபோது ஆந்திராவில் ஒரு போர்க் குழியில் தம்பியின் ரிக்கு மாட்டியது. துளை போடும் ஹேமரும் ராடுகளும் குழிக்குள்ளேயே நின்றுவிட்டன. ரிக் தொழிலில் இது எல்லாருக்கும் நடப்பதுதான். இவன் காரணம் தேட ஆரம்பித்தான். தேடியவனுக்குச் சுழி பார்க்கிறவர் ஒருவர் கிடைத்தார். சந்தைகளில் மாட்டுக்கும் குதிரைக்கும் சுழி பார்த்து ராசி சொல்வது அவருடைய பிழைப்பு. ஒரு குதிரை எவ்வளவு வேகமாக ஓடும், எத்தனை கோப்பை வாங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத விவரங்கள்.

கொஞ்சுவது போல முகத்தைத் தடவிக்கொண்டே வந்து, நெற்றி முடியை மெதுவாக ஒதுக்கிப் பார்த்தார். இதே மாதிரி ஒரு கையை எனக்குத் தெரியும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு குடும்பம் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை பூ வைத்துவிடுகிறேன் என்று என் பின்னால் வந்து உட்கார்ந்தார். பூ வைக்கிற சாக்கில் வகிட்டைக் கலைத்து உச்சந்தலையைப் பார்த்தார். அம்மா எண்ணெய் வைத்துப் படியச் சீவி மறைத்திருந்த இரட்டைச் சுழி அவர் கண்ணில் பட்டுவிட்டது. இரட்டைச் சுழிக்காரிக்கு இரண்டு கல்யாணமாம், முதல் தாலி நிலைக்காதாம். பூவோடு எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டதால் பிறகு யாருமே வரவில்லை. அம்மாவும் அப்பாவும் அதோடு ஓய்ந்துவிட்டார்கள். தம்பிக்கு நல்ல இடத்தில் பெண் எடுத்தார்கள்.

“இது பாடைச் சுழிங்க. ரெண்டும் ரெண்டு மூங்கிலு. ஊட்டுல வெச்சிருந்தீங்கன்னா ஆளையே தூக்கிருமுங்க” என்றார் சுழி பார்க்கிறவர்.

“வித்துரலாமுங்களா?” என்றான் தம்பி.

“சினையா இருக்கறதை விக்கக் கூடாதுங்க, பாவம். சூடு போட்டுச் சுழியை அழிச்சுரலாம்.”

விற்பதுதான் பாவம் என்று கணக்குப் போட்ட மூளையை என்ன சொல்வது! தம்பியைத் திட்டினேன். அந்த ஆளைத் தோப்புப் பக்கம் வரக்கூடாது என்றேன். இருவரும் தலையை ஆட்டினார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த ஒரு பகலில் வேலையை முடித்துவிட்டார்கள்.

கேட்டைத் திறக்கும்போதே முடி கருகிய நாற்றம். குதிரை சுவரைப் பார்த்து நின்றது. நெற்றியில் சுழிகள் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, மேலே மஞ்சள் அப்பியிருந்தது. கையைக் கொண்டுபோனேன். அத்தனை பந்தயத்திலும் எதற்கும் மிரளாத குதிரை, என் கையைப் பார்த்து உடம்பெல்லாம் நடுங்கிப் பின்வாங்கியது. நான் அழுதேன். அம்மா செத்தபோது அழுததற்குப் பிறகு அப்போதுதான் அழுதேன்.

நாமக்கல்லில் இருந்து கால்நடை டாக்டரை வரவழைத்து மருந்து போட வைத்தேன். குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். ஆந்திராவில் அந்த ராடுகள் இன்றைக்கும் அந்தக் குழிக்குள்தான் இருக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் குட்டி பிறந்தது. பெண் குட்டி. கால்கள் பின்னிக்கொள்ள எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, மடியைத் தேடிக் கண்டுபிடித்தது. வெயில் ஏறி ஈர முடி காய்ந்தபோது எனக்கு முன்னால் தம்பி பார்த்துவிட்டான். அம்மாவுக்கு இருந்த அதே இடத்தில், அதே மாதிரி, இரண்டு சுழிகள்.

அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. பிறந்த குட்டி நன்றாக நிற்கிறதா, பால் குடிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனான். மதியத்துக்குள் சுழி பார்க்கிறவர் மொபெட்டில் வந்து இறங்கினார். கொட்டாங்குச்சி போட்டு நெருப்பு மூட்டினார்கள். ரிக் பட்டறையில் இருந்து வந்த இரும்புக் கம்பி ஒன்று அதற்குள் சிவந்துகொண்டிருந்தது.

“குட்டியா இருக்கறப்பவே வெச்சுட்டா வலி தெரியாதுங்க அம்முணி” என்று எனக்கு விளக்கம் வேறு.

தம்பி கம்பியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான். குதிரை குட்டியை மூலைக்குத் தள்ளி மறைத்துக்கொண்டு நின்றது. நான் அவனுக்கும் அவற்றுக்கும் நடுவே மணலில் உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்து, இரண்டு கைகளாலும் உச்சியில் முடியை விலக்கி, தலையைக் குனிந்தேன்.

“மொதல்ல இங்க வையிடா. இங்கயும் ரெண்டு இருக்குது, பாத்துக்க. இத்தன வருசமா உன்ற ஊட்டுலயே இருக்குது. அந்த ராடு இதனாலகூட மாட்டியிருக்கும்.”

“அக்கா, எந்திரிக்கா. வேலையாளுங்க பாக்கறாங்க.”

“பாக்கட்டும். வையி.”

அந்த நேரத்திலும் சுழி பார்க்கிறவர் எட்டி என் தலையைப் பார்த்து, “ஆமாங்க, ரெட்டைதானுங்க” என்றார். பிழைப்பில் அவ்வளவு பக்தி.

தம்பி கம்பியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தான். சுர்ரென்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். மொபெட் கிளம்பிப் போய்விட்டது.

குட்டி பால் மறந்த பிறகு பெங்களூரில் இருந்து ஒரு ட்ரெயினர் அதைப் பார்க்க வந்தார். படித்தவர், கூலிங்கிளாஸ் போட்டவர், வாய் நிறைய ஆங்கிலம். நேராகக் குட்டியிடம் போய் நெற்றி முடியை ஒதுக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இருக்கு! இதன் அம்மாவுக்கு இருந்தது, பாட்டிக்கும் இருந்தது. ரெண்டும் சேம்பியன்ஸ். இந்த மார்க் வந்த குட்டிதான் ஓடும் சார். அம்மாவோடதைக் காட்டுங்க, பார்க்கலாம்” என்றார்.

ஆக, அங்கேயும் இதே லட்சணம்தான். கூலிங்கிளாஸ் மட்டும் கூடுதல். இதற்கு முன் பிறந்த அத்தனை குட்டிகளும் ஓடாமல் போனதற்குச் சுழி வராததுதான் காரணம் என்று இவர் நம்புகிறார்.

தம்பி முந்திக்கொண்டான்.

“அது வந்துங்க, மாடு கொம்புல குத்திருச்சுங்க” என்றான்.

காட்டுவதற்காகக் குதிரையிடம் போய்க் கையைத் தூக்கினான். அது சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டில் எந்த ஆண் கையைத் தூக்கினாலும் இப்போது அப்படித்தான். ட்ரெயினர் தழும்பைப் பார்த்தார், அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். குட்டியைத் தானே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே ஊரெல்லாம் போன் பறந்தது. எங்கள் தோப்பில் பிறந்திருப்பது ராஜ சுழிக் குட்டியாம். சுழி பார்க்கிறவரும், தான் முதலிலேயே அதைத்தான் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். கோட்டு எடுத்துத் தூசி தட்டப்பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டில் ரசம் ஊற்ற நான் குனிந்தபோது என் தலையைப் பார்த்துச் சிரித்தான்.

“அப்படிப் பாத்தா உன்ற சுழியும் ராசியான சுழிதானக்கா!”

ரசக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“எனக்குச் சூடு போட்டு முப்பது வருசமாச்சுடா. குனிஞ்சு சாப்புடு.”