ஈரத்துணிக்குத் தப்பிய வரி

பெரம்பலூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே என் கணவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மனு டைப் அடிப்பது, சான்றிதழுக்கு ஆன்லைனில் பதிவது, ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போடுவது எல்லாம் அங்கே நடக்கும். அந்தக் கடையின் பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. தினமும் காலை எட்டரை மணிக்கு அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸால் புதிதாக ஒரு வரி எழுதுவேன். பகுத்தறிவு பேசுகிறவர்கள் தெருமுனையில் பலகை வைத்து எழுதுவது நம் பக்கம் பழைய வழக்கம்தான். ஆசிரியை வேலையில் இருந்த காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். ஓய்வு பெற்ற மறு வாரமே பலகையை மாட்டிவிட்டேன்.

என் கணவர் பக்தர். நான் வெளியே எழுதும் நேரத்தில் அவர் உள்ளே சாமி படத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துச் சூடம் காட்டிக்கொண்டிருப்பார். கடவுள் இல்லை என்று நான் எழுதும் நாட்களில் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொள்வதும் அவர்தான். "விழுந்து கிழுந்து வச்சா ஆஸ்பத்திரிக்கு நாந்தான தூக்கிட்டு ஓடணும்" என்பார். வீட்டில் சாமி அலமாரி அவருடையது, புத்தக அலமாரி என்னுடையது. இரண்டையும் தூசி தட்டுவது அவர். எனக்குத் தும்மல் வரும்.

யாரையும் விட்டுவைக்காமல்தான் எழுதுவேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து மனு அடிக்க வரும் ஒரு பாயும், ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு கத்தோலிக்க வாத்தியாரும் பலகையைப் படித்துவிட்டு, "இன்னைக்கு எங்க முறையா டீச்சர்?" என்று சிரித்தபடி உள்ளே போவார்கள். அந்தச் சிரிப்பு இருக்கும்வரை ஊர் நன்றாக இருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

போன பங்குனியில் ஒரு நாள் காலைப் பேப்பரில் ஒரு செய்தி. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பையனையும் பெண்ணையும் பெண்ணின் உறவினர்களே வெட்டியிருந்தார்கள். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அது ஒரே ஊர் இல்லை. நாங்களும் சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்கள் என்பதால் இப்படிச் செய்தி வரும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. அன்றுதான் திருமழபாடிக் கோயிலில் நந்தி கல்யாணம். நந்தி தேவருக்கு மாப்பிள்ளை அலங்காரம் செய்து, ஆயிரக்கணக்கானவர்கள் கூடிக் கல்யாணம் செய்து வைப்பார்கள். அதைப் பார்த்தவர்களுக்குச் சீக்கிரம் கல்யாணம் கூடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. கோபத்தில் எழுதினேன்:

"காளைக்குக் கல்யாணம் செய்து வைத்து ஊரே கும்பிடுகிறது. சாதி மாறிக் கட்டிய பிள்ளைகளுக்கு மட்டும் அரிவாள்."

எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் நறுக்கினேன்.

சாயங்காலம் அவர் வந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு உன் மேல ஒரு மனு அடிச்சுக் குடுத்தேன்."

"என் மேலயா?"

"ஆமா. போலீசுக்கு. அந்த வரிய அழிக்கணும்னு ரெண்டு பக்கம்."

புதிதாக ஆரம்பித்த ஒரு மத அமைப்பைச் சேர்ந்த மூன்று பேர் மதியம் கடைக்கு வந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் இல்லை, இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள்தான். பலகை எழுதுகிறவள் யார், அவள் புருஷன் யார் என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். என் கணவர் அடித்த மனு எந்த ஆபீசிலிருந்தும் திரும்பி வராது என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அதுவும் அவர்களுக்குத் தெரியும். அதனால் வேறு கடைக்குப் போகவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கட்டுன பொண்டாட்டி மேல புகார் அடிச்சுக் குடுத்துட்டு வந்து டீ குடிக்கிறீங்களா? கை கூசல?"

"மனு குடுக்கறது அவங்க உரிமை. எழுதறது உன் உரிமை. நீயே போர்டுல அப்படித்தான எழுதுவ?" என்றார். "அசிங்கமா படம் வரைஞ்சிருக்குன்னு சேத்து அடிக்கச் சொன்னாங்க. வாங்க, போய்ப் பாப்போம்னு சுவத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். படம் எங்கங்கன்னு கேட்டேன். சரி, அத எடுத்துருங்கன்னாங்க. வேற கடைக்குப் போயிருந்தா அந்தப் பொய்யும் சேந்துல்ல ஸ்டேஷனுக்குப் போயிருக்கும்."

எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று புரியவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. வருடா வருடம் நந்தி கல்யாணத்தன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு அரியலூர் பஸ் ஏறிவிடுகிற மனிதர், இன்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"கோயிலுக்குப் போகலயா?"

"மனசு வரல."

"ஏன்?"

டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி எங்கண்ணன் அருவாளக் காட்டிப் பேசுனாரு. அவளக் கட்டுனா ரெண்டு பேரையும் விட மாட்டேன்னு. உங்கிட்டச் சொல்லல, நீ பயந்துருவேன்னு. எனக்கே பயந்தான். அந்த வருசம் திருமழபாடிக்குப் போயி கூட்டத்துல நின்னுக்கிட்டு, இவள மட்டும் எனக்குக் கட்டி வச்சிடு, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். அழுதுட்டேன் அங்கயே. திரும்பி வந்தப்ப பயம் கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு. வருசா வருசம் போறது அதுக்குத்தான்."

"இத்தன வருசமா ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்ப."

உண்மை. நான் சிரித்திருப்பேன். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டது என் துணிச்சலில்தான் என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். இந்த மனிதர் தன் துணிச்சலை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மன்னிச்சுருங்க" என்றேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை அடிக்கடி வருவதில்லை, அதுவும் என் வாயிலிருந்து.

"அருவா பத்தி எழுதுனது சரிதான்" என்றார். "காளைன்னு எளக்காரமா எழுதாம இருந்துருக்கலாம்."

மறுநாள் காலை வழக்கம்போல ஈரத்துணியோடு போனேன். எதிர்ப்பக்கம் அந்த மூன்று பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாராக நின்றார்கள். வேடிக்கையைப் பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் நானே அந்த வரியைத் துடைத்திருப்பேன். ஒரு நாள்தான் அதற்கு ஆயுள். அழிக்கச் சொல்லிவிட்டதால் இப்போது துடைக்க முடியவில்லை. துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "அத அழிச்சிட்டு, போர்டக் கழட்டிட்டு, ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துருங்க டீச்சர். நாளைக்குப் பத்து மணிக்குள்ள முடிச்சிரலாம். திருவிழா நேரம், எனக்கு பந்தோபஸ்துக்கே ஆள் பத்தல." மூன்று பேரில் ஒருவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இல்லாட்டி அந்தக் கடைக்கு ஒருத்தரும் போக மாட்டாங்க. போகவும் விட மாட்டோம்."

எனக்கு பென்ஷன் இருக்கிறது, பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் அவருக்கு அந்தக் கடைதான் உயிர். கையில் கசங்கிய காகிதத்தோடு தா.பழூரிலிருந்தும் வேப்பூரிலிருந்தும் வந்து, "நீங்களே எழுதிக் குடுங்க சார், உங்களுக்குத்தான் தெரியும்" என்று நிற்கிறவர்கள் இல்லாவிட்டால் அவர் நாலே நாளில் படுத்துவிடுவார்.

எங்கள் பகுத்தறிவு இயக்கத் தோழர் ஒருவர் போன் செய்தார். "பயப்படாதீங்கம்மா. நாளைக்கு இதவிடச் சூடா எழுதுங்க. நாங்க மாவட்டம் பூரா எழுதறோம். சாமி, கோயில், ஒண்ணையும் விட வேணாம்." ஒரு வாரம் முன்னால் என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். இப்போது அந்த 'ஒண்ணையும்' என்பதற்குள் கூட்டத்தில் நின்று அழுத ஓர் ஆளும் இருக்கிறார். மிரட்டுகிறவனுக்குக் கொடுக்கிற அடி அவர் மேலும் விழும். அதற்காக மிரட்டுகிறவனுக்குப் பணிந்துவிடவும் முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னைப் போன்ற சாமி கும்பிடாதவர்களுக்குச் சீக்கிரத்தில் வருவதில்லை. எங்களுக்கு எல்லாப் பக்தியும் ஒரே மூட்டை.

ஆனால் கடையை நினைக்க நினைக்க என் வீரம் கரைந்துபோனது. காலையில் எழுந்து அரைப் பக்கத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதி, கடைக்கு எடுத்துப்போய் அவரிடம் நீட்டினேன். "அடிச்சுக் குடுங்க. பத்து மணிக்குள்ள குடுத்துட்டு வந்துடறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இத நான் அடிக்க மாட்டேன்."

"அவனுங்க மனுவ அடிச்சீங்க. எனக்கு மாட்டீங்களா?"

"அவங்க மனசுல உள்ளத அவங்க சொன்னாங்க, அடிச்சேன். இது உன் மனசுல உள்ளதா? பலகையக் கழட்டறேன், இனி எழுதவே மாட்டேன்னு எழுதியிருக்க. கஷ்டப்பட்டது நான். எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்ட, முடிஞ்சு போச்சு. அவங்களுக்கு எதுக்கு?"

"கடைக்கு ஆள் வர மாட்டாங்களாம்."

"வராட்டிப் போறாங்க. உட்காந்து தூங்கறேன். என்ன எழுதணும்னு நெஜமா நெனைக்கிறியோ அதச் சொல்லு."

நின்றபடியே சொல்லச் சொல்ல அவர் அடித்தார். கேலி என்று தோன்றிய 'காளை' என்ற சொல்லால் உண்மையிலேயே மனம் வருந்திய பக்தர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். சொன்ன செய்தியில் மாற்றம் இல்லை, பலகையும் இறங்காது. மறுக்க விரும்புகிறவர் யாராக இருந்தாலும் அதே பலகையின் கீழ்ப்பாதியில் எழுதலாம், அதற்கு இடம் விட்டிருக்கிறேன், சாக்பீஸ் கடையில் கிடைக்கும். யாராவது ஒருவர் பதில் எழுதியதும் என் வரியை நானே துடைத்துவிடுவேன். அவ்வளவுதான். மூன்று காப்பி எடுத்தார்.

அதிகாரி படித்துவிட்டு, சீல் குத்தி வாங்கிக்கொண்டார். அந்த மூன்று பேரும், "நாங்க என்னத்த எழுதறது?" என்று கோபமாக எழுந்து போனார்கள். அவர்களிடம் துண்டும் செல்போனும் இருந்தன, எழுத ஒரு வரி இல்லை.

சொன்னதைச் செய்தார்கள். கடைக்கு ஆள் வரத்து குறைந்தது. வருகிறவர்களும் பலகைப் பக்கம் திரும்பாமல் போனார்கள். ஒரு நாள் சாணியை வீசியிருந்தார்கள். அவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, எழுத்து அழியாமல் ஓரம் ஓரமாகக் கழுவினார். கீழ்ப்பாதி காலியாகவே இருந்தது.

ஒன்பதாம் நாள் நான் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் கடைக்கு வந்தேன். பலகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கீழ்ப்பாதியில், பேனா பிடித்தே பல காலமாகிவிட்ட டைப்பிஸ்ட்டின் கோணல் கையெழுத்து:

"நான் திருமழபாடிக் கல்யாணத்தைப் பார்த்தவன். அங்கே வேண்டிக்கொண்டுதான் சாதி மாறி இந்த அம்மாவைக் கட்டினேன். அரிவாள் எடுத்தவனுக்கும் என் சாமிக்கும் சம்பந்தம் இல்லை. இப்படிக்கு, கடைக்காரர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பதில் வந்துடுச்சுல்ல, மேல உள்ளத இனிமே தொடச்சுக்கலாம்" என்றார்.

"உங்க அண்ணன் தெனம் இந்தப் பக்கமாத்தான போவாரு. பாத்துட்டா?"

"காலையிலயே பாத்துட்டாரு" என்றார். "நான் எழுதிட்டிருந்தப்ப பின்னாடிதான் நின்னாரு. திரும்பிப் பாத்துட்டு, மீதியயும் எழுதி முடிச்சேன்."