அக்கா கேட்ட கனமான தண்டு

கீழ்பென்னாத்தூர் மரவாடியில் ஒரு வாகைக் கட்டையைப் புரட்டி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கலைச்செல்வி அக்காவின் மகன் தினேஷ். "அம்மா போயிட்டாங்கண்ணா" என்றான். காலையில் நெஞ்சு வலி என்றிருக்கிறார். ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் முடிந்துவிட்டது. மரவாடிக்காரர் "கட்டைய வண்டில ஏத்தட்டுமா?" என்று கேட்டார். ஏத்துங்க என்றேன். அக்கா கேட்டதால் நான் வாங்கப் போன கட்டை அது.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அக்காவைத் தெரியும். அடி அண்ணாமலையில் எங்கள் கடைசல் பட்டறைக்கு வந்து மரக்குடுவை வாங்கியிருப்பீர்கள். "வெயில்ல வெக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, பூ வெக்கிறதுன்னா காஞ்ச பூ வெய்ங்க" என்று அவர் மிரட்டி அனுப்பியிருப்பார். தெரியாத மீதிப் பேருக்காக எழுதுகிறேன். நான்கு நாளாகச் சரியான தூக்கமில்லை. எழுத்தில் அழகு எதிர்பார்க்க வேண்டாம்.

அக்கா ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். நான் அங்கே லேத் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு டிரில் பிட் கேட்டுப் போனேன். பழையதைக் காட்டினால்தான் புதியது தருவேன் என்றார். அது உடைந்து இரும்புச் சீவலோடு சீவலாகப் போய்விட்டது என்றேன். "அப்ப சீவல சலிச்சு எடுத்துட்டு வா" என்றார். ஒரு மணி நேரம் சலித்தேன். மனத்துக்குள் திட்டிக்கொண்டேதான் சலித்தேன். கொண்டுபோய்க் கொடுத்ததும் இரண்டு துண்டையும் ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "நுனி கொஞ்சம் காணோமே" என்றார்.

மாலையில் பிள்ளைகள் போன பிறகு ஒரு பழைய லேத்தில் மரத்துண்டுகளை மாட்டி அவர் கடைந்துகொண்டிருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். யாரிடமும் கற்றதில்லை. செல்போனில் வீடியோ பார்த்துப் பழகியிருந்தார். பள்ளியை மூடியபோது அந்த லேத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோம். பட்டறை அப்படித்தான் தொடங்கியது. வெளிப்பக்கம் கடைவது நான், உள்ளே குடைவது அவர். வாய் குறுகிய குடுவையை உள்ளே குடைவதுதான் கஷ்டம். உளியின் நுனி கண்ணுக்குத் தெரியாது. காதும் கையும்தான் கணக்கு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

முதலில் நீண்ட பிடி போட்ட உளியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெறும் கையாலேயே குடைந்தார். உளி சிக்கினால் தோள் வரைக்கும் முறுக்கும். "இது சரிப்படாதுக்கா, ஒரு குடைசல் அமைப்பு செய்யலாம்" என்றேன். செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று மூட்டுக் கை: முழங்கை போல மடங்கும் இரும்புக் கையில் உளியைப் பொருத்துவது. முறுக்கை அது தாங்கிக்கொள்ளும், நாம் நகர்த்தினால் போதும். மற்றது நுனியில் உளி மாட்டிய கனமான எஃகுத் தண்டு. அதன் பின்முனையை இரண்டு கம்பிகளுக்கு நடுவே சிறை வைத்துவிடுவார்கள். அதுவும் முறுக்கைத் தாங்கும், ஆனால் உரசல் ஜாஸ்தி, இழுத்துத் தள்ள வேண்டும். நான் படித்தவன். இலேசானதுதான் நல்லது என்று முடிவு கட்டினேன். பேரிங் போட்டு மூட்டுக் கையை நானே செய்தேன். விரலால் தொட்டாலே ஓடும். அக்காவிடம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக் காட்டினேன்.

அக்கா அதில் குடைந்த முதல் குடுவையின் உட்சுவரில் அலை அலையாக வரி விழுந்தது. இரண்டாவதிலும் விழுந்தது. மூன்றாவது, சுவர் கிழிந்து பறந்து ஜன்னலில் அடித்தது.

"கவனமே இல்லியாக்கா?" என்று கத்தினேன்.

"தூக்கமில்லப்பா" என்றார். பிறகு, "எனக்கு அந்தக் கனமானதே போதும். இது நெனைக்கறதுக்கு முன்னாடி ஓடுது" என்றார்.

"ஓடணும்னுதான செஞ்சேன்!"

"எனக்கு ஓட வேணாம்."

பிடிவாதம் என்று நினைத்தேன். இயந்திரத்தில்தான் கோளாறு என்று நிரூபிக்கக் கிளம்பினேன். லேத்தின் தலைப்பகுதியைக் கழற்றினேன். பேரிங் இரண்டையும் மாற்றினேன். பெல்ட் மாற்றினேன். அடிப்போல்ட்டைத் தளர்த்தி, மட்டம் பார்த்து, மறுபடி இறுக்கினேன். மூன்று நாள். அதில் ஒருநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வேன் எதுவும் நுழையாததால் டவுனிலிருந்து பேரிங்கைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தேன். மூன்று நாளும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்ட ஸ்பேனரை எடுத்துத் தந்துகொண்டிருந்தார்.

எல்லாம் மாட்டிய பிறகும் அவர் குடைந்ததில் அதே அலை. இயந்திர அதிர்வின் வரி நெருக்கமாக விழும். இது அகலமாக இருந்தது. முதல் நாளே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் ஒரு துண்டை மாட்டிக் குடைந்தேன். உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். வழுவழுப்பு.

எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. "அக்கா, மெஷின்ல ஒண்ணுமில்ல. உங்க கைலதான்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் மூணு நாள் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தீங்களா?"

"ஒருவேள பேரிங்கா இருந்துட்டா நல்லாயிருக்குமேன்னு பாத்தேன்" என்றார்.

வலது கை நடுக்கம் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போகப் போக ஜாஸ்தியாகும், கம்மியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் அவருடைய தங்கை அவரை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. ரவிக்கைக்கு ஊக்கு மாட்டுவதுகூடத் தங்கைதான். "இங்கயும் நீ உக்கார வெச்சிட்டேன்னா நான் எங்க போறது, சொல்லு" என்றார். அழவில்லை. பதில் எதிர்பார்த்து என்னையே பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தொட்டால் ஓடும் கை, நடுக்கத்தையும் அப்படியே நுனிக்குக் கொண்டுபோகும். கனமான தண்டு நடுக்கத்தைத் தின்றுவிடும். நான் குறை என்று ஒதுக்கிய உரசல்தான் அவருக்குத் தேவைப்பட்டது. மாதக்கணக்கில் வீடியோ பார்த்து அவர் கண்டுபிடித்து வைத்திருந்த விஷயம் அது. காரணத்தைச் சொல்லாமல் அமைப்பை மட்டும் கேட்டிருக்கிறார். காரணம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதவனிடம் கேட்டிருக்கிறார்.

செய்தேன். இரண்டு விரல் தடிமன் தண்டு, எவ்வளவு கனம் கூட்ட முடியுமோ அவ்வளவு. வரைபடம் போட்டு, அளந்து, வெல்டிங் வைத்து மாட்டினேன். தண்டு குடுவைக்குள் அழகாகப் போயிற்று. வெளியே வரவில்லை. லேத்தின் வால்பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. தண்டு உள்ளே போன நிலையில் அளந்தவன், இழுத்தால் பின்னால் எவ்வளவு இடம் வேண்டும் என்று அளக்க மறந்துவிட்டேன். லேத்தை நகர்த்தவும் இடமில்லை. அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தையல் கடை பாஷா பாய் எழுந்து வந்துவிட்டார். கடைசியில் அவரிடமே அனுமதி கேட்டுச் சுவரில் ஓட்டை போட்டோம். அக்கா குடையும்போதெல்லாம் தண்டின் வால் பாயின் கடைக்குள் போய்ப் போய் வரும்.

"யம்மா, ஒங்க கம்பி என் மிஷினாண்ட வந்து எட்டிப் பாக்குது. பட்டன் கட்டச் சொல்லட்டுமா?" என்று அந்தப் பக்கமிருந்து பாய் கத்துவார்.

"காஜா எடுக்கக் கத்துக் குடுங்க பாய், எடுக்கும்" என்று இந்தப் பக்கமிருந்து அக்கா கத்துவார்.

அதன் பிறகு ஒன்றேகால் வருடம் வேலை செய்தார். மெதுவாகத்தான். நான் ஒரு நாளில் முடிப்பதை அவர் மூன்று நாளில் முடிப்பார். சாயங்காலம் தோள் வலியில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். "நாளைக்கு லீவ் போடுங்கக்கா" என்றால், "நாளைக்கு வாய்ப்பக்கம் முடிக்கணும்" என்பார். நான் அவசரப்படுத்திய நாட்களும் உண்டு. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பால் தெளித்து வந்த மறுநாள் தினேஷ் பட்டறைக்கு வந்தான். சென்னையில் வேலை, அன்று மாலையே திரும்ப வேண்டும். அம்மாவின் சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துப் போகலாம் என்று வந்தவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மாக்குப் பாவம் போது போகணும்ல. நீங்க கூட உக்கார வெச்சுப் பேசிட்டு இருந்தீங்க. ரொம்ப தேங்க்ஸ்ணா" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. துக்க வீட்டுப் பையன் என்று அதை அடக்கிக்கொண்டேன். அலமாரியிலிருந்து ஒரு குடுவையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். போன வாரம் முடித்தது, வாகை. அவன் வாய்க்குள் விரலை விட்டான். மூன்று விரல்தான் போகும். சுற்றிச் சுற்றித் தடவினான்.

"உள்ள யாரு குடைஞ்சது?"

"உங்கம்மா."

"அம்மாவால டம்ளர்ல தண்ணி குடிக்க முடியாதுண்ணா."

"குடைய முடிஞ்சுது" என்றேன். சுவர் ஓட்டையையும் தண்டையும் காட்டினேன். அவனைப் பிடித்துத் தள்ளச் சொன்னேன். இரண்டு கையாலும் தள்ளினான். பாதி தூரம் போனதும் மூச்சு வாங்கியது. அப்படியே தண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாஷா பாயின் தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது.

குடுவையைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். பஸ்ஸில் பையை மேலே போட்டுவிட்டு, அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டான். பஸ் கிளம்பும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

அக்கா, தினேஷுக்குக் கட்டித் தருவதற்கு முன்னால் குடுவையைக் காலிப்பர் போட்டு அளந்து பார்த்தேன். சுவர் தடிமன் மேலிருந்து கீழ்வரை நாலு மில்லிமீட்டர். ஒரே ஓரிடத்தில் நாலரை. அதை மறைத்து எழுதினால் நீங்கள் விடமாட்டீர்கள். மற்றபடி சரியாக இருக்கிறது. போய் வாருங்கள்.