கழுதைக் காதளவு

நான்காவதும் பெண் என்று தெரிந்ததும் அப்பன்காரன் தொட்டிலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே "யெத்தெர்" என்றானாம். எங்கள் பேச்சில் அதற்கு 'போதும்' என்று அர்த்தம். அதுவே பெயராகிவிட்டது. அப்படிப் பேர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று எங்கள் மலைப்பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பிறந்தான்தான், இல்லை என்று சொல்லவில்லை. பிறந்து, வளர்ந்து, பெண்டாட்டி கட்டி, அக்காளையும் ஆடுகளையும் ஒரே குரலில் விரட்டிக்கொண்டிருந்தான்.

மூத்தவர்கள் மூவரும் கட்டிக்கொண்டு போன கையோடு அம்மா படுத்த படுக்கையானாள். அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, அடக்கம் செய்து முடித்தபோது யெத்தெருக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டு வருவார்கள்? கரசு கிராமத்தில் அவளைத் தேடி வந்தவர்கள் எல்லாம் காலுறைக்காக வந்தவர்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீட்டில் உள்ள அத்தனை காலுக்கும் காலுறை பின்னிக்கொண்டு போகவேண்டும். பல்லில்லாத மாமனார் முதல் தவழுகிற குழந்தை வரைக்கும். ஒரு கால் விட்டுப்போனாலும் ஏழு ஊருக்கு நாறிவிடும். பெண்ணைக் கேட்டு முடித்ததும், மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொரு பாதத்தையும் ஒரு நூலில் அளந்து, கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். கை வராத பெண்கள் அந்த நூல்கட்டைக் கொண்டுவந்து யெத்தெரின் மடியில் போட்டுவிட்டு அழுவார்கள். ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பின்னிப் பின்னி அவள் ஆள்காட்டி விரலில் ஊசித் தழும்பு ஏறிவிட்டது.

அவள் பின்னுவது விரல் நுனியிலிருந்து. மேலே கெண்டைக்காலில் தொடங்கிக் கீழே இறங்குகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்களாம். இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் கை, நுனியில் நாலைந்து நூல்கண்ணியில் தொடங்கும். ஐந்து ஊசியில் சுற்றச் சுற்ற அகலும். பாதம் முடிகிற இடத்தில் குதிகாலைத் திருப்பிவிட்டு மேலே ஏறும். நூல் தீர்ந்தால் குட்டைக் காலுறை, மிஞ்சினால் நெட்டைக் காலுறை. எப்படியானாலும் பாதம் மூடியிருக்கும்.

இப்படி இருக்கையில்தான் தாஷ்பினார் கிராமத்துத் துர்சுனுக்காகக் கெஸ்பான் என்ற தரகுக்காரி வந்து உட்கார்ந்தாள். துர்சுன் பெண்டாட்டியை இழந்தவன். பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். 'இருக்கட்டும்' என்று அர்த்தம். ஊரில் சும்மா விடுவார்களா? "புருசன் 'இருக்கட்டும்', பெண்டாட்டி 'போதும்'. அந்த வீட்டு விருந்துல ஒருத்தன் தட்டுலயும் சோறு விழாது" என்று சிரித்தார்கள்.

"மனுசன் தங்கம். ஒரு மக இருக்கா, செனெம், ஒம்பது வயசு. தாய் போனதுலேர்ந்து எதிர்வீட்டுல பெரியப்பன் பெண்டாட்டி சொஹ்ரேதான் வளக்குறா. நீ வந்தாப் புள்ளையைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிக்கணும்னு அவனுக்கு ஆசை. ஆனா ஒரு வார்த்தை சொல்லிட்டான். புள்ளைக்கு மனசு ஒட்டலைன்னா வற்புறுத்த மாட்டான், அவ அங்கேயே வளரட்டும்னுட்டான்" என்றாள் கெஸ்பான்.

துர்சுன் குட்டையா நெட்டையா என்று யெத்தெர் கேட்கவில்லை. "புள்ளைக்குப் பல்லு விழுந்து முளைச்சிருச்சா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே கெஸ்பானுக்கு விஷயம் விளங்கிவிட்டது. யெத்தெர் சரி என்று சொன்னது துர்சுனுக்காக அல்ல. நான் ஏன் மறைக்கவேண்டும், அவளே பிற்பாடு புருஷன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள், அந்த மனுஷனும் சிரித்திருக்கிறான்.

நூல்கட்டு வந்தது. மாமியாருடையது, துர்சுனுடையது, சொஹ்ரேயுடையது, அவள் புருஷனுடையது. சிவப்புத் துணி கட்டியிருந்தது செனெமுடையது.

"இதை அவளேதான் அளந்தா. காலைத் தொட யாரையும் விடல" என்றாள் கெஸ்பான்.

யெத்தெர் அந்த நூலை நீட்டிப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் பாதம் துர்சுனின் பாதத்தளவுக்கு வந்தது. வெளிச்சத்தில் திருப்பினால், நூலில் சாம்பல் நிறத்தில் முரட்டு மயிர் ஒட்டியிருந்தது. தம்பி பெண்டாட்டி அதைப் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"யா அல்லா! கழுதை மயிரு! மதினி, அந்தக் குட்டிச்சாத்தான் கழுதைக் காதை அளந்து அனுப்பியிருக்கு! பின்னு மதினி, ரெண்டு காதுக்கும் ரெண்டு பின்னு. குளிருக்கு அடக்கமா இருக்கும் கழுதைக்கு!"

யெத்தெர் சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவு சிரித்தாள். சிரிப்பு அடங்கியும் நீர் நிற்கவில்லை.

"என்னை வேணாங்கிறா" என்றாள்.

"வேற அளவு கேட்டு அனுப்பு. அங்க நாலு சாத்து சாத்துனா தானா காலை நீட்டுவா."

"அதுக்குத்தான் கேக்க மாட்டேங்கிறேன். நான் வாசப்படி மிதிக்கிறதுக்கு முன்னாடியே என்னால அடி வாங்கணுமா அவ? இதை நீயும் எங்கயும் வாயைத் திறக்காதே, ஆமா."

அளவில்லாமல் எப்படிப் பின்னுவது? எங்கள் ஊருக்குப் பெருமை வண்ணக் காலுறைதான். சிவப்பும் நீலமுமாகப் பூவும் கொக்கிக் கோலமும் ஓடும். ஆனால் இரண்டு நூல் உள்ளே சேர்ந்து ஓடுவதால் அது விறைத்துக்கொள்ளும், அளவு பிசகினால் ஏறாது. ஒற்றை நூலில் மேடும் பள்ளமுமாக வரி விட்டுப் பின்னினால் இழுத்த இழுப்புக்கு வரும். ஒல்லிக் காலுக்கு ஒடுங்கும், குண்டுக் காலுக்கு விரியும். யெத்தெர் பெட்டியடியில் தனக்கென்று பத்திரப்படுத்தியிருந்த ஆட்டுக்குட்டி மயிரை எடுத்தாள். முதல் கத்தரிப்பில் வந்த வெள்ளை மயிர், பூனைக்குட்டி வயிறுபோல இருக்கும். அதைத் தானே நூற்றாள். மேட்டு வரிகளை ஒன்றின்மேல் ஒன்று தாண்டவிட்டுக் கயிறு முறுக்கு வைத்தாள். அகலப் பிரச்சினை தீர்ந்தது. நீளத்துக்கு என்ன செய்வது? குதிகாலை எங்கே திருப்புவது என்று காலைப் பார்க்காமல் படைத்தவனுக்குக்கூடத் தெரியாது. அதனால் பாதி பாதத்தோடு நிறுத்தி, கண்ணிகளை ஊசியிலேயே விட்டு, அப்படியே பெட்டியில் வைத்தாள்.

தம்பி பெண்டாட்டி பெட்டியை மூடவிடவில்லை. சீர்ப்பெட்டியில் முடியாத பொருள் போகக்கூடாது. அரைகுறை கொண்டுபோனவள் வாழ்க்கை அரைகுறை என்பார்கள்.

"என் பேரே போதும்னுதான். இதுக்கு மேல என்ன அரைகுறை?" என்றாள் யெத்தெர்.

நிக்காஹ் முடிந்த மறுநாள், தாஷ்பினாரில் பெண்கள் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்கள். மாமியாருக்கு மாதுளைப் பூ. போட்டுப் பார்த்து, எழுந்து இரண்டு நடை நடந்து, "தோலு மாதிரி ஒட்டுது" என்றாள். சொஹ்ரேக்குக் கொக்கியும் நட்சத்திரமும். அவளுக்கும் குறை சொல்ல வாய் வரவில்லை, அதுவே அவளுக்குக் குறையாக இருந்தது. கடைசியில் சிவப்புத் துணி கட்டிய பொட்டலம் பிரிந்தது. பூ இல்லை, நிறம் இல்லை. வெள்ளையாக இரண்டு மொக்கைத் துண்டு, சுற்றிலும் ஊசிகள் துருத்திக்கொண்டு.

சொஹ்ரே ஒரு துண்டை ஊசியோடு தூக்கிப் பிடித்தாள்.

"இது என்ன?" என்றாள் சொஹ்ரே. "எங்க எல்லாருக்கும் பூவும் மாதுளையும். தாயில்லாப் புள்ளைக்கு வெள்ளைக் கந்தலா? அதையும் முடிக்க உனக்குக் கை வரலையா? வந்த மறுநாளே சித்தி புத்தியக் காட்டிட்டியேம்மா!"

சொஹ்ரேயைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மார்மேல் போட்டுத் தூங்கவைத்தவள் அவள். அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு.

மாமியார் புருவத்தைச் சுருக்கினாள். "அளவுதான் குடுத்தனுப்பினோமே?"

கதவோரம் நின்ற செனெமின் காது இரண்டும் செக்கச் சிவந்துவிட்டன. சிவப்புத் துணி கட்டிய நூல் அந்த நேரத்தில் யெத்தெரின் இடுப்பு வாருக்குள்தான் இருந்தது, கழுதை மயிரோடு. எடுத்து நடுவில் போட்டால் போதும், பழி அந்தப் பக்கம் போய்விடும். கூடவே ஒரு விளக்குமாறும் போகும்.

"என் தப்புதான் அத்தே. அந்த ஒரு நூல் மட்டும் எங்கயோ தொலைஞ்சுபோச்சு" என்றாள்.

"தொலைஞ்சுபோச்சா! எங்க காலெல்லாம் பத்திரமா இருந்துச்சு, புள்ள காலு மட்டும் தொலைஞ்சுதா? கேட்டுக்குங்க எல்லாரும்! செனெம், வாடி. நீ எங்கூடத்தான்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் சொஹ்ரே.

துர்சுன் அன்று மாலை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவ இஷ்டம்னு நான்தானே சொன்னேன்" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. யெத்தெர் அந்த வெள்ளைத் துண்டுகளை ஊசியோடு அடுப்பு மேலே ஆணியில் மாட்டினாள். வந்தவர் போனவர் எல்லாம் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். அவளும் எடுத்து ஒளிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முற்றம்தான், தாண்ட நாலு எட்டு. பிள்ளை இந்தப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. யெத்தெர் மாவு பிசைவாள், அழுவாள், மறுபடி பிசைவாள்.

பனி நன்றாக இறங்கிவிட்ட ஒரு பகலில், பெண்கள் எல்லோரும் கீழ்த்தெருவில் ரொட்டி சுடப் போயிருந்தார்கள். கதவு திறந்தது. செனெம் நின்றாள், காலடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"ஏன் சொல்லல?"

"எதை?"

"நூல் தொலையலைன்னு."

யெத்தெர் இடுப்பு வாரிலிருந்து நூலை உருவி நீட்டினாள். "ஒரு சந்தேகம் கேக்கணும்னு வச்சிருந்தேன். இது எந்தக் கழுதை? பெரியப்பா வீட்டுதா?"

பிள்ளை உதட்டைக் கடித்தாள். கடித்தும் அடங்கவில்லை, மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்ல. நம்மளுது."

"நம்மளுதா? அதுக்கா இவ்வளவு பெரிய காது? அளக்க விட்டுச்சா?"

"ஒதச்சுச்சு."

"ஒதைக்கும், ஒதைக்கும். உனக்கு ஒரு ஒதை விழுந்தா எனக்குப் பாதி மனசு ஆறும்."

செனெம் மறுபடி சிரித்தாள். பிறகு ஈரச் செருப்பை உதறிவிட்டு, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஒரு காலை நீட்டினாள். யெத்தெர் அந்தக் காலை முக்காட்டு நுனியில் துடைத்தாள். ஐஸ்போல இருந்தது. ஆணியிலிருந்து எடுத்த துண்டை ஊசியோடு மாட்டினாள். மேடும் பள்ளமும் விரிந்து பாதத்தைக் கவ்விக்கொண்டன.

"கூச்சமா இருக்கு."

"ஆடாதே, ஊசி குத்தும்."

அதன் பிறகு தினமும் வந்தாள். மாட்டிப் பார்ப்பது, கழற்றுவது, பின்னுவது, மறுபடி மாட்டிப் பார்ப்பது. குதிகால் திரும்பியது. கணுக்கால் மூடியது. ஒரு கால் கொஞ்சம் ஏறினால் மறு காலையும் அந்த மட்டத்துக்கு ஏற்றுவாள். பொழுது சாய்ந்ததும் சொஹ்ரே முற்றத்திலிருந்து குரல் கொடுப்பாள், பிள்ளை ஓடிவிடுவாள். காலுறை முடிந்தால் வருவதும் முடிந்துவிடும் என்று யெத்தெருக்குப் பயம். வரியை இறுக்கி இறுக்கிப் பின்னினாள். இருந்தும் கை என்னவோ ஏறிக்கொண்டேதான் போனது.

கெண்டைக்கால் தாண்டிய அன்று சொஹ்ரே கூப்பிடவில்லை, நேராகவே உள்ளே வந்தாள். கையை இடுப்பில் ஊன்றி நின்றாள்.

"இன்னுமா? ஒரு ஜோடி சாக்ஸுக்கு ஒரு குளிர்காலமா? கெளம்புடி."

நீட்டிய காலோடு செனெம் அசையாமல் இருந்தாள். சொஹ்ரே குனிந்து, அதட்டப்போனவள், காலுறையைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்கவில்லை. முதல் கத்தரிப்பு மயிர் என்று கம்பளி தெரிந்த எந்தக் கைக்கும் தெரியும். சொஹ்ரேயின் காலில் கிடந்த வண்ணக் காலுறை இதில் பாதி மென்மை இல்லை. அவள் யெத்தெரைப் பார்த்தாள், யெத்தெர் ஊசியைப் பார்த்தாள்.

எத்தனை நாள் இழுத்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்? யெத்தெர் கேட்டாள்.

"போதுமா?"

பிள்ளை பெரியம்மாளைப் பார்த்தாள். முழங்காலுக்கு ஒரு விரற்கடை கீழே வந்துவிட்ட வெள்ளை வரிகளைப் பார்த்தாள்.

"போதாது" என்றாள்.

ஊசி நின்றுவிட்டது. பிறந்த நாளிலிருந்து ஊரும் உறவும் போதும் போதும் என்றே கூப்பிட்ட ஒருத்தியிடம் ஒரு வாயாவது அதற்கு முன்னால் இந்த வார்த்தையைச் சொல்லியிருக்குமா? யெத்தெர் மூச்சை இழுத்துவிட்டாள். "அப்ப முழங்காலையும் மூடிருவோம்" என்றாள்.

"மூடிட்டா?" என்று கேட்டாள் சொஹ்ரே.

"அப்பவும் போதாது" என்றாள் செனெம்.

சொஹ்ரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனாள். முற்றத்துப் பனியில் அவள் காலடி போகிற சத்தமும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிற சத்தமும் கேட்டன. வந்தபோது அவள் அக்குளில் செனெமின் தலையணை இருந்தது.